சீலிங்கில் வால்பேப்பர்: நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நிற்குமா?

கேடிசிநகர்_புதுவீடு

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை கேடிசி நகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே ஒரு தளம், மாடியில் ஒரு தளம். பூச்சு வேலை முடிந்து பட்டி பார்க்கப் போகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. உயரமே ஒன்பதரை அடிதான், அதில் அரை அடியை ஜிப்சத்துக்குக் கொடுத்துவிட்டால் கட்டில் மேல் நின்று கொசுவலை கட்டுகிறவன் கை ஃபேனில் போகும் என்று மாமனார் ஒரே பிடியாக நிற்கிறார்.

உள் அலங்காரம் செய்கிறவர் அதற்குப் பதிலாக சீலிங்கில் வால்பேப்பர் ஒட்டலாம் என்கிறார். கீழே பிள்ளைகள் அறை, மாடியில் எங்கள் படுக்கையறை, அப்புறம் பூஜை அறை என்று மூன்று இடம் சொல்லியிருக்கிறார். போனில் காட்டிய படங்கள் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அதில் ஒன்றில்கூட சீலிங் ஃபேன் இல்லை என்பதைக் கவனித்தேன்.

நம்ம ஊரில் இது நிற்குமா? எந்த வகை வாங்க வேண்டும்? பிள்ளைகள் அறை 12க்கு 14. மூன்று ரோல் போதும் என்கிறார், சரிதானா?

அல்வா_பிரியன்

சுவரில் ஒட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். மேலே ஒட்டினால் யார் பார்ப்பது, பல்லியா?

கேடிசிநகர்_புதுவீடு

மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுக்கிறவர்கள் எங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள் அண்ணாச்சி.

பெயிண்ட்_அண்ணாச்சி

தங்கச்சி, மூன்று அறைக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. பேப்பர் எந்த கம்பெனி, என்ன டிசைன் என்பதெல்லாம் அப்புறம். அந்த சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிள்ளைகள் அறைக்கு மேலே உங்கள் மாடி அறையின் தரை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அங்கே தாராளமாக ஒட்டலாம். ஒன்றே ஒன்று, மேலே பாத்ரூம் வருகிறதா என்று பிளானை எடுத்துப் பாருங்கள். பாத்ரூமுக்கு நேர் கீழே என்றால் அந்த அறையையும் விட்டுவிடுங்கள்.

மாடிப் படுக்கையறைக்கு மேலே மொட்டைத் தட்டட்டி, அதாவது மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் நம்ம பாளையில் 100 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க வாங்கிய சூட்டை கான்கிரீட் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே இறக்கும். இரவில் ஆறும். இப்படித் தினமும் தளம் விரிந்து சுருங்கும். எலெக்ட்ரிக் பைப் போன வழியிலும், தளமும் சுவரும் சேரும் மூலையிலும் மயிரிழை மாதிரி விரிசல் விடுவது அதனால்தான். பெயிண்ட் என்றால் விரிசல் தெரியும், அவ்வளவுதான். பேப்பர் என்றால் பசை பிடி விட்டு ஜாயிண்ட் ஓரம் லேசாகத் தூக்கும். சுவரில் ஓரம் தூக்கினால் பேப்பர் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். சீலிங்கில் அதன் எடை முழுவதும் கீழே இழுக்கிறது. போதாததற்கு அடியில் நாள் முழுக்க ஃபேன் ஓடுகிறது.

வெயிலையாவது சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய விஷயம். பெயிண்ட் அடித்த தளத்தில் கசிவு வந்தால் முதல் மழையிலேயே மஞ்சளாக ஒரு கறை தெரியும், மேலே ஏறி எங்கே என்று பார்த்து அடைத்துவிடலாம். வினைல் பேப்பர், அதாவது மேலே பிளாஸ்டிக் பூசியது, ஒட்டியிருந்தால் தண்ணீர் அதற்குப் பின்னாலேயே தேங்கி, ஓடி, வேறு எங்கோ ஒரு ஜாயிண்டில் வந்து சொட்டும். உங்களுக்குத் தெரிய வருவதற்குள் பட்டி ஊறிக் குழைந்திருக்கும்.

பூஜை அறை வேண்டவே வேண்டாம். விளக்குப் புகை, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் நேராக மேலேதான் போகும். பேப்பரில் படிந்த எண்ணெய்ப் புகையைத் துடைத்து எடுக்க முடியாது.

வகை பற்றிக் கேட்டீர்கள். சாதாரணக் காகிதம் மலிவு, ஆனால் பசை பட்டதும் ஊறி நீளும், ஒட்டிக் காய்ந்ததும் சுருங்கி ஜாயிண்டில் இடைவெளி காட்டும். வினைல் சுவருக்கு நல்லது, துடைக்கலாம், ஆனால் ஈரத்தை வெளியே விடாது. சீலிங்குக்கு என்றால் நான்-ஓவன், அதாவது நெய்யாமல் இழைகளைச் சேர்த்து அழுத்திச் செய்த வகையைத்தான் சொல்வேன். ஈரம் பட்டாலும் நீளாது, பசையைத் தளத்தில் தடவிக் காய்ந்த பேப்பரை அப்படியே ஒட்டலாம், பின்னால் கழற்றவும் சுலபம். ஆன்லைனில் வருகிற, பின்பக்கத் தாளை உரித்து ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை மட்டும் சீலிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தச்சை_சிவில்

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலும் சரி. கொஞ்சம் சேர்க்கிறேன், ஒரு இடத்தில் மாறுபடுகிறேன்.

பூச்சு இப்போதுதான் முடிந்திருக்கிறது என்கிறீர்கள். புதுப் பூச்சு குறைந்தது ஒரு மாதமாவது காய வேண்டும். பார்வைக்கு வெள்ளையாகக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பரிசோதிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடி சதுரத்துக்கு கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் சீலிங்கில் டேப் போட்டு ஒட்டுங்கள். 16 மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். பிரிக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. அறையில் ஒரே இடத்தில் செய்துவிட்டு விடாதீர்கள், மூலையிலும் செய்யுங்கள்.

தட்டட்டிக்குத் தட்டோடு பதிக்கிறீர்களா, கூலிங் டைல்ஸா? எதுவானாலும் பதிப்பதற்கு முன் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்து, தளம் முழுக்க இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு எங்கே என்று தேடுவது பெரும்பாடு.

மாறுபடும் இடம்: தட்டட்டிக்குக் கீழே பேப்பரே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கான்கிரீட்டில் நேராக ஒட்டக் கூடாது. அங்கே ஜிப்சம் போர்டு தொங்கவிட்டு, நடுவில் காற்றிடைவெளி இருந்து, அந்தப் போர்டில் ஒட்டினால் நிற்கும். உங்கள் வீட்டில் ஒன்பதரை அடி இருக்கிறது. தேசியக் கட்டட விதிப்படி குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடிக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வேண்டும், ஏசி அறை என்றால் 2.4 மீட்டர் போதும். அரை அடிக்குச் சற்றுக் குறைவாக இறக்கினால் விதிக்குள்தான் இருப்பீர்கள். மாமனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

பெயிண்ட்_அண்ணாச்சி

சிவில் தம்பி, ஜிப்சம் போர்டுக்கு மேலே ஒழுகினால் போர்டே ஊறித் தொங்குமே. பேப்பரும் போச்சு, போர்டும் போச்சு.

தச்சை_சிவில்

ஒழுகுகிற தளத்துக்குக் கீழே என்ன செய்தாலும் போகத்தான் செய்யும் அண்ணாச்சி. வெயில் பிரச்சினைக்குத்தான் அதைச் சொன்னேன்.

சாரல்_வாசி

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குரல். வெயிலையும் கார்த்திகை மழையையும் மட்டுமே பேசுகிறீர்கள். எங்களுக்கு ஆனி, ஆடியிலேயே சாரல் ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் எங்கள் வீட்டில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது.

இங்கே தங்கும் விடுதி ஒன்றில் எல்லா அறைகளுக்கும் சீலிங்கில் வினைல் ஒட்டினார்கள். முதல் சீசன் முடிந்ததும் பேப்பரின் ஜாயிண்ட் நெடுகப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. ஒழுகல் எதுவும் இல்லை, மேலே இன்னொரு மாடி இருக்கிறது. காரணம் ஏசி. அறை குளிர்ந்து கிடக்கிறது, வெளியே ஈரக்காற்று. விருந்தினர் ஜன்னலைத் திறந்ததும் அந்த ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த சீலிங்கில் நீராகப் படிகிறது. ஜாயிண்ட் வழியாக உள்ளே போன ஈரம் வினைலைத் தாண்டி வெளியே வர முடியாது. பசையே பூசணத்துக்குச் சாப்பாடு. மேலே துடைத்தார்கள், பத்தே நாளில் திரும்ப வந்தது, ஏனென்றால் அது வளர்வது பின்பக்கத்தில். கடைசியில் எல்லாவற்றையும் உரித்துப் பூசணக்கொல்லி அடித்து வெள்ளை பெயிண்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆகவே மலையடிவாரத்தில், அம்பாசமுத்திரம், களக்காடு, கடையநல்லூர் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் நான்-ஓவன் என்றாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

மகாராஜநகர்_அக்கா

எல்லாரும் பயமுறுத்தியே கொன்றுவிடுவீர்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் மகள் அறையில் ஒட்டியிருக்கிறோம். நன்றாக இருக்கிறது. 2023 டிசம்பர் பெருமழையையும் பார்த்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, இங்கேயும் விடவில்லை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துச் சுவர் ஓதம் ஏறியதே தவிர சீலிங்கில் ஒன்றும் ஆகவில்லை. மேலே இன்னொரு மாடி இருப்பதுதான் காரணம் என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் புரிகிறது.

நான் சொல்ல வந்தது வேறு. டிசைன் எடுக்கும்போது கடையில் கையில் வைத்துப் பார்ப்பதற்கும் தலைக்கு மேலே பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, சீலிங்கில் டேப் போட்டு, கீழே படுத்துப் பாருங்கள். கருநீலத்தில் நட்சத்திரம் போட்டது கடையில் பிரமாதமாக இருந்தது. வீட்டில் மேலே பிடித்ததும் அறை இருட்டிவிட்டது, சீலிங் ஒரு அடி இறங்கிவந்த மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது, ஒன்பதரை அடி உயரத்துக்கு வெளிர் நிறம்தான். எங்களுடையது சந்தன நிறத்தில் சின்னச் சின்ன இலை. அந்த நீல வானம், வெள்ளை மேகம் மட்டும் தயவுசெய்து வேண்டாம், ஊரில் பாதி கிளினிக்கில் அதுதான் இருக்கிறது.

அப்புறம் டியூப்லைட். நம்ம வீடுகளில் டியூப்லைட்டைச் சுவரில் சீலிங்கை ஒட்டித்தானே மாட்டுகிறோம்? அந்த வெளிச்சம் சீலிங்கைத் தடவிக்கொண்டே போகும். பட்டியில் உள்ள மேடு பள்ளம், ஜாயிண்ட், சிக்கிய மணல் எல்லாம் நிழல் போட்டுக் காட்டும். பகலில் கண்ணாடி மாதிரி இருந்த சீலிங் இரவில் அம்மைத் தழும்பு. நாங்கள் டியூப்லைட்டை ஒன்றரை அடி கீழே இறக்கிய பிறகுதான் நிம்மதி.

கணக்கு_வாத்தியார்

மூன்று ரோல் போதுமா என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

கடையில் கிடைக்கும் சாதாரண ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். பரப்பு 57 சதுர அடி. உங்கள் அறை 168 சதுர அடி. வகுத்தால் 2.95. அதை வைத்துத்தான் அவர் மூன்று என்கிறார். ஆனால் பேப்பரைப் பட்டை பட்டையாக ஒட்ட வேண்டும், துண்டு துண்டாக இல்லை.

பதினாலு அடி வாக்கில் ஒட்டினால் ஒரு பட்டைக்கு 14 அடியும், ஓரம் வெட்ட நாலு அங்குலமும் வேண்டும். ரோலில் இருப்பது 33 அடி. இரண்டு பட்டை எடுக்கலாம், மிச்சம் நாலடிச் சொச்சம் வீண். அறையின் அகலம் 12 அடி, அதாவது 366 செ.மீ., அதற்கு ஏழு பட்டை வேண்டும். ரோலுக்கு இரண்டு பட்டை என்றால் நாலு ரோல்.

பன்னிரண்டு அடி வாக்கில் ஒட்டினால் இன்னும் மோசம். 14 அடி என்பது 427 செ.மீ. எட்டுப் பட்டை 424 செ.மீ. வரைக்கும்தான் வரும். அந்த மூன்று செ.மீ.க்காக ஒன்பதாவது பட்டை! இதிலும் ரோலுக்கு இரண்டு பட்டைதான் தேறும் என்பதால் ஐந்து ரோல்.

கொரியாவிலிருந்து வரும் அகல ரோல் இருக்கிறது, 106 செ.மீ. அகலம், 15.6 மீட்டர் நீளம். அதைப் பன்னிரண்டு அடி வாக்கில் போட்டால் நாலு பட்டைக்கு 15 மீட்டர்தான் ஆகிறது. ஒரே ரோலில் முடிந்துவிடும், ஓரத்தில் அதே மூன்று செ.மீ. மட்டும் பாக்கி. அதை ஜிப்சம் கார்னிஸோ மரப் பட்டியோ வைத்து மறைத்துவிடலாம். டிசைன் பொருத்தம் பார்க்கத் தேவையில்லாத வகையாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு சரி. பூவுக்குப் பூ சேர வேண்டும் என்றால் ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்சம் வெட்டிப் போடுவீர்கள், ஒரு ரோல் போதாது.

கேடிசிநகர்_புதுவீடு

வாத்தியார் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த ஒரு ரோல் யோசனை கேட்க நன்றாக இருக்கிறதே? அண்ணாச்சி என்ன சொல்கிறீர்கள்?

பெயிண்ட்_அண்ணாச்சி

காகிதத்தில் கணக்கு சரி. சாரத்தில் நின்று ஒட்டுகிறவன் பாட்டை யோசிக்க வேண்டும். மூன்றரை அடி அகலத்தில், பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பேப்பரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்துக்கொண்டே போவதற்கு நம்ம பக்கம் பழக்கப்பட்ட ஆள் குறைவு. சுவரில் அகல ரோல் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சீலிங்குக்கு 53 செ.மீ. ரோலே நல்லது.

சரி, ஒட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன், வேலைக்காரரிடம் நின்று வாங்குவதற்கு உதவும்.

இரண்டு பேர் இல்லாமல் ஆரம்பிக்கவே விடாதீர்கள். ஒருவன் மடித்த பேப்பரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும், இன்னொருவன் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். ஏணியில் ஏறி இறங்கிச் செய்கிற வேலை இது இல்லை. இரண்டு முக்காலிக்கு நடுவே பலகை போட்டு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இறங்காமல் நடக்கும்படி இருக்க வேண்டும்.

பட்டி இரண்டு கை, உப்புத்தாள் தேய்ப்பு, தூசி துடைப்பு, பிரைமர். பட்டியின் மேல் பிரைமர் அடிக்காமல் ஒட்டினால் பசையின் ஈரத்தைப் பட்டி உறிஞ்சிவிடும். அப்புறம் பேப்பர் கழன்று வரும்போது பட்டியையும் உரித்துக்கொண்டு வரும். முதல் பட்டைக்கு நூல் பிடித்துக் கோடு போட வேண்டும். சுவரை நம்பி ஆரம்பித்தால் தொலைந்தது, நம்ம வீட்டுச் சுவர் எதுவும் மூலைமட்டத்துக்கு இருக்காது.

பட்டை ஓடும் திசை முக்கியம். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமாக உள்ளே ஓடுகிறதோ அதே வாக்கில் பட்டையும் ஓடினால் ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியாது. குறுக்கே ஓடினால் அக்கா சொன்ன டியூப்லைட் கதைதான்.

ஃபேனைக் கழற்றி இறக்கிவிட வேண்டும். மெயினில் கரண்டை நிறுத்திவிட்டு, பேப்பரை அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி கீறி, கொக்கியை வெளியே எடுத்து, மிச்சத்தைச் சுற்றிலும் வெட்டினால் ஃபேன் கப் அதை மூடிக்கொள்ளும். ஃபேன் தொங்கும்போதே சுற்றி ஒட்டுகிறேன் என்று சொல்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஒட்டிய பிறகு இரண்டு நாள் ஃபேன் போடக் கூடாது, ஏசியும் கூடாது. தானாகக் காய வேண்டும்.

பசையில் மைதா கலந்து மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. மாவுப் பசை என்றால் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். பேப்பருக்கென்று வரும் செல்லுலோஸ் பசைப் பொடியின் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

வள்ளியூர்_டு_லீட்ஸ்

இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். அந்தப் படங்களில் ஏன் ஃபேன் இல்லை என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்: இங்கே சீலிங் ஃபேன் என்பதே அபூர்வம்.

நான் இருக்கும் வீடு நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. இந்த மாதிரிப் பழைய வீடுகளின் சீலிங் கான்கிரீட் கிடையாது. மெல்லிய மரச் சட்டங்களை வரிசையாக ஆணியடித்து, அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. வயசாகி மரம் அசையும்போது பூச்சில் விரிசல் ஓடும். அதைத் தாங்கிப் பிடிக்கவும் மறைக்கவும்தான் சீலிங்குக்குப் பேப்பர் ஒட்டும் வழக்கம் இங்கே ஊன்றியது. லினோலியம் என்ற தரை விரிப்பைக் கண்டுபிடித்த ஃபிரெடரிக் வால்டன்தான் 1877இல் லிங்க்ரஸ்டா என்ற புடைப்புச் சித்திரம் போட்ட தடித்த விரிப்பைக் கொண்டுவந்தார். அது கனம். பத்து வருஷம் கழித்து, 1887இல் அனக்லிப்டா வந்தது. பருத்தியும் மரக்கூழும் கலந்த இலேசான வகை, அதனால் சீலிங்குக்குத் தோதாக இருந்தது. ஒட்டிவிட்டு மேலே வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுவார்கள், பார்க்கச் சுதை வேலை மாதிரியே இருக்கும். ஜெர்மனியில் மரத்தூள் பதித்த ரவ்ஃபாசர் பேப்பர் 1864இலிருந்தே உண்டு, அதையும் ஒட்டி வெள்ளையடிப்பதுதான் வழக்கம்.

மேல்மாடி சீலிங்குக்கு மேலே இங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பரண் மாதிரி ஒரு காலியிடம், தரையில் தடிமனாகக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கும் மேலே சரிவான கூரை, அதில் கல் ஓடு. மழையோ வெயிலோ சீலிங்கை நேராகத் தொடவே தொடாது. வள்ளியூரில் அப்பா வீட்டுத் தட்டட்டியில் மே மாதம் மதியம் வெறுங்காலுடன் நிற்க முடியாது. அந்தத் தளத்தின் அடிப்பக்கமும் லீட்ஸ் சீலிங்கும் ஒன்றாகுமா?

அண்ணாச்சி, பட்டைத் திசை பற்றி ஒன்று. இங்கே ஜன்னல் சுவரில் ஆரம்பித்து, அதற்கு இணையாக ஒட்டிக்கொண்டே உள்ளே வருவதுதான் வழக்கம்.

பெயிண்ட்_அண்ணாச்சி

உங்கள் ஊர் வழக்கம் உங்கள் ஊருக்கு. நான் டியூப்லைட் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

உவரிக்_காற்று

கடற்கரைக்காரர்கள் சார்பில் ஒன்று. உவரி, கூடங்குளம், மணப்பாடு பக்கம் பழைய கான்கிரீட் வீடுகளில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். துருப்பிடித்த கம்பி உப்பிப் பெருத்து, கீழே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். காறை பெயர்ந்து கட்டிலில் விழுந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. விழுவதற்கு முன்னால் கம்பி ஓடும் வாக்கில் பழுப்பாக ஒரு கோடு தெரியும், தட்டிப் பார்த்தால் பொத்தலான சத்தம் வரும். எங்களுக்குக் கிடைக்கிற எச்சரிக்கையே அந்தக் கோடுதான். அதன் மேல் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுக் கீழே பிள்ளைகளைப் படுக்க வைக்கச் சொல்கிறீர்களா?

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் "கறை தெரிகிறது, பேப்பர் ஒட்டினால் மறையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தட்டிப் பாருங்கள்.

தச்சை_சிவில்

இதை அப்படியே வழிமொழிகிறேன். இந்த இழையிலேயே முக்கியமான பதிவு.

கல்லிடை_அப்பளம்

நடுவில் புகுந்து என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சியில் தாத்தா வீடு. பட்டாசாலைக்கு மேலே தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டை, அதன் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட பழைய மச்சு. கட்டைகளுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டைகளுக்கு இடையே உள்ள பட்டைகளில் மட்டும் பேப்பர் ஒட்டினால் என்ன?

தச்சை_சிவில்

ஒட்டாதீர்கள். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அடியில் வினைலோ பிளாஸ்டிக்கோ ஒட்டி அடைத்தால் அந்த ஈரம் கட்டையின் பக்கம்தான் போகும். தேக்கே ஆனாலும் உளுத்துப்போக அது போதும். உதிர்கிற இடத்தைச் சுண்ணாம்புக் கலவையாலேயே பூசுங்கள், சிமெண்ட் வேண்டாம். பேப்பர் அந்த உதிரும் பரப்பில் ஒட்டவும் செய்யாது.

மகாராஜநகர்_அக்கா

எங்கள் ஆச்சி வீட்டில் மச்சுக்கு அடியில் வெள்ளைத் துணியை மேற்கட்டி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பார்கள். தூசி அதில் விழும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவிழ்த்துத் துவைத்துத் திரும்பக் கட்டுவார்கள். உங்களுக்கு அதுவே போதும்.

அல்வா_பிரியன்

துணி எதற்கு, பத்தமடைப் பாய் இருக்கும்போது? சீலிங் முழுக்கக் கோரைப் பாய் விரித்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும், நம்ம ஊர் அடையாளமாகவும் இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய பாய்! கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

பெயிண்ட்_அண்ணாச்சி

பசை போட்டு ஒட்டினால் பாய்க்கும் கேடு, தளத்துக்கும் கேடு. கோரை ஈரத்தை இழுக்கும், தூசியும் பிடிக்கும். மெல்லிய மரச் சட்டம் செய்து அதில் பாயை இழுத்து அடித்து, சட்டத்தைத் தளத்தில் திருகாணி போட்டு முடுக்கினால் நன்றாகவே இருக்கும். கட்டில் இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும் ஒரு ஆறுக்கு நாலு போட்டால் போதும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி வெயிலில் காட்டிவிட்டு மாட்டலாம், தளத்தில் விரிசல் இருந்தால் அப்போது பார்த்தும் விடலாம். பட்டுப் பாய் வாங்கி மேலே மாட்டாதீர்கள், அதன் விலைக்கு மனசு தாங்காது. சாதாரணக் கோரைப் பாய் போதும். அடுக்களைப் பக்கமும் விளக்கு எரியும் இடத்திலும் கூடாது.

கேடிசிநகர்_புதுவீடு

இது எனக்கே பிடித்திருக்கிறதே! மாடிப் படுக்கையறைக்குப் பேப்பர் இல்லை. வெள்ளை பெயிண்ட், மேலே தட்டட்டியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. கட்டிலுக்கு மேல் பாய்ச் சட்டம் மாட்டலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமனாருக்குப் பாய் யோசனை பிடித்துவிட்டது, ஜிப்சம் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாதாம். பூஜை அறையும் சாதாரண பெயிண்ட்தான்.

பிள்ளைகள் அறைக்கு மேலே பாத்ரூம் இல்லை, பிளானில் பார்த்துவிட்டேன். பாலிதீன் ஷீட்டும் ஒட்டிப் பார்த்தோம். நடுவில் ஒன்றும் இல்லை, வடக்கு மூலையில் லேசாக நீர் கோர்த்திருந்தது. எப்போது ஒட்டலாம்?

தச்சை_சிவில்

அந்த மூலை காய்கிற வரைக்கும் பொறுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு ஃபேனைத் தரையில் வைத்து ஓட விடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே மூலையில் திரும்ப ஒட்டிப் பாருங்கள். ஆவணியில் முடித்துவிட்டால் நல்லது, ஐப்பசி பிறந்துவிட்டால் பசை காயவே காயாது.

பெயிண்ட்_அண்ணாச்சி

ரோல் வாங்கும்போது ஒவ்வொன்றின் லேபிளிலும் லாட் நம்பர் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். லாட் மாறினால் நிறம் ஒரு சாயல் மாறும். கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் தெரியும்.

கேடிசிநகர்_புதுவீடு

நல்லவேளை சொன்னீர்கள். கடையில் கேட்டேன். எங்களுக்குப் பிடித்த டிசைனில் ஒரே லாட்டில் மூன்று ரோல்தான் இருக்கிறதாம், நாலாவது வேறு லாட். புதுச்சரக்கு எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கணக்கு_வாத்தியார்

மூன்று ரோலில் ஆறு பட்டை. நாலாவது ரோலிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஏழாவது பட்டை ஒன்றுதான். அதைச் சுவரோரத்தில் போட்டுவிட்டால் போயிற்று.

பெயிண்ட்_அண்ணாச்சி

வாத்தியார் சொல்வது நடக்கும். அறையில் அலமாரி எந்தச் சுவரில் வருகிறது? மேலே லாஃப்ட் உண்டா? கடைசிப் பட்டை அலமாரிக்கு மேலே முடிகிற மாதிரி, எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அது முழு அகலமும் வராது, ஓரம் வெட்டித்தான் ஒட்டுவார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.

கேடிசிநகர்_புதுவீடு

ஜன்னல் பன்னிரண்டு அடிச் சுவரில், அதனால் பட்டை பதினாலு அடி வாக்கில் ஓடினால் நீங்கள் சொன்னபடி வெளிச்சத்தோடு சேர்ந்துதான் போகும். அலமாரி நீளச் சுவரில், இரண்டடி ஆழத்துக்கு லாஃப்டும் உண்டு. நாலு ரோலையும் எடுத்து வைக்கச் சொல்லிவிடுகிறேன். டியூப்லைட் பாயிண்டை இறக்க நாளைக்கு எலெக்ட்ரீஷியன் வருகிறார், பட்டி பார்ப்பதற்கு முன்னால் அதை முடித்துவிட வேண்டும்.